பழைய குடோன் வீட்டில் வெளிச்சமும் மலையும்: எங்கே உடைப்பது, எங்கே விடுவது

பொள்ளாச்சி, ஆனைமலை, தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்துக் குடோனை வீடாக்கிக் குடியிருப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. தேங்காய், கடலை, நெல் மூட்டை அடுக்கக் கட்டிய கட்டடம். சுவர் ஒன்றரை அடி தடிமன், மேலே மங்களூர் ஓடு, 12 அடி உயரத்தில் கையகல வென்டிலேட்டர். சரக்கு கெடாமல் இருக்கவும், எலியும் மழையும் திருடனும் உள்ளே வராமல் இருக்கவும் கட்டியது. அந்த வேலைக்கு இருட்டு நல்லது, ஆள் குடியிருக்க ஆகாது.

முதல் முறை மாற்றும்போது பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரி செய்கிறார்கள். குறுக்குச் சுவர் வைத்து இரண்டு அறை, ஒரு பாத்ரூம், தரைக்கு டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங். குடிவந்த பிறகுதான் பகல் 11 மணிக்கும் லைட் போட வேண்டியிருப்பது தெரிகிறது. வாசலுக்கு வெளியே ஆனைமலைத் தொடர் அத்தனை அழகாக நிற்கும், வீட்டுக்குள் உட்கார்ந்தால் சுவர்தான் தெரியும். அப்படி ஒரு வீட்டில் இருப்பவர்களுக்கும், அந்த மாதிரி ஒன்றை வாங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வெளிச்சம் வேறு, காட்சி வேறு. நம் ஊர் வெயிலில் ஒரே திறப்பை வைத்து இரண்டையும் வாங்கப் பார்த்தால் வீடு வேகும். மலை தெரியட்டும் என்று மேற்குச் சுவரை உடைத்து எட்டடிக் கண்ணாடி வைக்கிறார்கள். கொஞ்ச நாளிலேயே வெயில் தாங்காமல் கனமான திரைச்சீலை வந்துவிடும். அப்புறம் மலையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வெளிச்சத்தை வடக்கிலிருந்தும் கூரையிலிருந்தும் எடுங்கள். காட்சியைத் தாழ்வான, நிழல் மூடிய திறப்பில் எடுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தப் பிரிவினையிலிருந்து வருவதுதான்.

முதல் படி: சூரியன் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்

வெளிநாட்டு வீடியோ பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஐரோப்பாவில் தெற்கு ஜன்னல் கொண்டாட்டத்துக்குரியது, வடக்குப் பக்கம் வெயில் அரிதாகத்தான் படும். நமக்கு அப்படி இல்லை. பொள்ளாச்சி ஏறத்தாழ 10.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு முறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். அதாவது வைகாசி, ஆனியில் வடக்குச் சுவரிலும் வெயில் படும். மார்கழியில் தெற்கே சாய்ந்து, நண்பகலில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும்.

இதைச் சன்ஷேடு கணக்காக மாற்றினால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். தெற்கு ஜன்னலுக்கு மேலே 3 அடி நீட்டினால், மார்கழி நண்பகலிலும் அதற்குக் கீழே சுமார் நாலரை அடி நிழல் விழும். வடக்கில் நண்பகல் சூரியன் மிக உயரத்திலேயே இருப்பதால் ஒன்றரை அடி நீட்டினாலே 6 அடி ஜன்னல் முழுதும் நிழலாகிவிடும். ஆனியில் காலையும் மாலையும் மட்டும் வடக்கு ஜன்னலில் பக்கவாட்டில் வெயில் நுழையும். அதற்கு ஜன்னல் ஓரத்தில் ஒரு அடி நிற்கிற பக்கச் சுவரோ ஒரு செடியோ போதும்.

மேற்கு மட்டும் தனிக் கதை. மாலை நாலரை மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ இருக்கிறது. அங்கே 3 அடி சன்ஷேடு போட்டாலும் ஒன்றரை அடிதான் நிழல். மேற்கு வெயிலைச் சன்ஷேடால் தடுக்க முடியாது. அதற்கு என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன் திசைகாட்டியில் வீட்டின் நான்கு சுவர்களும் எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய குடோன்கள் சாலையையோ வாய்க்காலையோ பார்த்துக் கட்டியவை, சரியான திசையில் இருக்காது. இருபது, முப்பது டிகிரி விலகல் சாதாரணம், அது கணக்கை மாற்றும். பிறகு ஒரு நாள் லைட் போடாமல் வீட்டில் இருங்கள். காலை 8, 11, 2, 5 மணிக்கு எந்த மூலையில் நின்று பேப்பர் படிக்க முடிகிறது, எங்கே முடியவில்லை என்று ஒரு தாளில் தரைப்படம் வரைந்து குறியுங்கள். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது

இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 1940களின் கடைசியில் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தையும் அதிலிருந்த பங்களாவையும் வாங்கினார். லுணுகங்கை என்று பெயர். அந்த வீட்டுக்குத் தெற்கே ஒரு குன்று ஏரியை மறைத்துக்கொண்டிருந்தது. அவர் குன்றின் உச்சியைக் குறைத்து, மரங்களை விலக்கி, வீட்டிலிருந்து பார்த்தால் ஏரியும் அதற்கப்பால் ஒரு விகாரையின் தூபியும் தெரியும்படி செய்தார். நாம் குன்றை வெட்டப் போவதில்லை. ஆனால் சுவருக்குள் கை வைப்பதற்கு முன்னால் வெளியே பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நம் தோட்டங்களில் குன்று இல்லை, தென்னை இருக்கிறது. வழக்கமாக 25 அடிக்கு ஒரு மரம். வயதான தென்னந்தோப்பு காட்சியை மறைக்கவே மறைக்காது. தலை மேலே ஐம்பது, அறுபது அடியில் இருக்கும், கீழே மரங்களுக்கு இடையில் நேராக மலை வரைக்கும் தெரியும். பத்து, பன்னிரண்டு வயதுத் தென்னைதான் முழுத் திரை போட்டு நிற்கும். ஒரு மரத்தை வெட்டச் சொல்லவில்லை. ஜன்னலை இரண்டு அடி தள்ளினால் இரண்டு வரிசைக்கு நடுவிலுள்ள சந்தில் மலை விழும். அந்தச் சந்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. வீட்டுக்கு வெளியே, ஜன்னல் வரப்போகிற சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்காதீர்கள். வீட்டுக்குள் நாம் மலையைப் பார்ப்பது பெரும்பாலும் உட்கார்ந்துதான்.

அடுத்தது களம். குடோனுக்கு முன்னால் தேங்காய்ப் பருப்பு காயப்போட்ட சிமென்ட் களம் கட்டாயம் இருக்கும். அது பெரிய பிரதிபலிப்பான். களம் வடக்கிலோ கிழக்கிலோ இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் உட்கூரை வரை போகும். மேற்கில் இருந்தால் மாலையில் கண் கூசும், சூடும் வரும். அங்கே சுவரை ஒட்டிப் பத்தடிக்காவது சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டுப் புல்லோ செடியோ வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: உடைக்காமல் கிடைப்பதை முதலில் எடுங்கள்

ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றுங்கள். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள், செலவு செய்து போட்டதாயிற்றே. ஆனால் மேலே இருக்கிற வென்டிலேட்டர்கள் எல்லாம் சீலிங்குக்கு மேலே மாட்டிக்கொண்டு வெளிச்சம் கொடுக்காமல் கிடக்கும். குடோனின் பெரிய சொத்தே அந்த உயரம். சூட்டுக்குப் பயந்தால், ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களான கைமரங்களுக்குக் கீழே கூரையின் சாய்வை ஒட்டியே மூங்கில் பாய் வைத்து வெள்ளையடிக்கலாம். உயரமும் மிஞ்சும், சூடும் குறையும்.

அப்புறம் குறுக்குச் சுவர். வெளிச்சம் ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்கு. 7 அடி உயர ஜன்னல் என்றால் 14 முதல் 17 அடி. குடோன் 25, 30 அடி அகலம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்தால் மறுபாதி இருட்டுதான், நடுவில் சுவர் வந்தால் கேட்கவே வேண்டாம். குறுக்குச் சுவர் பிற்பாடு கட்டிய நாலரை அங்குலச் சுவராக இருந்தால், கூரை அதில் உட்காரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 7 அடிக்கு மேலே இருப்பதை எடுத்துவிடலாம். பேச்சுச் சத்தம் தாண்டும் என்றால் அந்த இடத்தில் கண்ணாடி போடுங்கள்.

பிறகு சுண்ணாம்பு. நல்ல வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் தன்மேல் படும் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். வெள்ளையடிக்காத சிமென்ட் சுவர் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலே அதிகம். சாம்பல் நிறச் சிமென்ட் சுவர் படத்தில் அழகாக இருக்கிறது என்று இருட்டு வீட்டில் அதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. சிவப்பு ஆக்ஸைடு தரை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த அறையில் சுவரும் உட்கூரையும் வெள்ளையாக இருக்கட்டும்.

நான்காம் படி: கூரையில் கண்ணாடி ஓடு

குறைந்த செலவில் அதிக வெளிச்சம் தருவது இதுதான். மங்களூர் ஓட்டின் அதே அளவில், அதே காடியோடு (பக்கத்து ஓட்டில் பொருந்தும் பள்ளம்) கண்ணாடி ஓடு கிடைக்கிறது. ஒரு ஓட்டைக் கழற்றி இதை மாட்டினால் முடிந்தது. கூரையை வெட்ட வேண்டாம், தகரம் மடிக்க வேண்டாம், ஒழுக்கும் குறைவு. வாங்கப் போகும்போது உங்கள் கூரையிலிருந்து ஒரு ஓட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை காடி சற்று மாறும், சரியாக உட்காராத ஓட்டில் ஆடிக் காற்று தண்ணீரை உள்ளே தள்ளும்.

எங்கே வைப்பது என்று ஊகிக்க வேண்டாம். வெயில் நாளில் சந்தேகப்படுகிற இடத்தில் இரண்டு ஓடுகளைக் கழற்றிவிட்டு, கீழே ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். தரையில் ஒரு வெயில் கட்டம் விழும். காலையில் மேற்குச் சுவரில் தொடங்கி, தரையில் இறங்கி, மத்தியானம் கட்டில் மேல் ஏறி, சாயங்காலம் கிழக்குச் சுவருக்குப் போகும். அது போகிற பாதையைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் படுக்கையோ சாப்பாட்டு மேசையோ டிவியோ வந்தால் ஓட்டை நகர்த்த வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் சுவரை ஒட்டி முதல் இரண்டு வரிசைக்குள். அங்கே வைத்தால் வெளிச்சம் சுவரில் வழிந்து இறங்கும், அறை முழுக்க மெதுவாகப் பரவும். அறை நடுவில் வைத்தால் ஒரு பொட்டு வெயிலும் சுற்றி இருட்டும்தான். முகடு கிழக்கு மேற்காக ஓடும் கூரை என்றால் வடக்குச் சரிவில் வையுங்கள். முகடு வடக்கு தெற்காக இருந்தால் கிழக்குச் சரிவு. மேற்குச் சரிவு வேண்டவே வேண்டாம்.

எத்தனை? ஒரு ஓடு முக்கால் சதுர அடி அளவுக்குத் தெரியும். 200 சதுர அடி அறைக்கு 4 முதல் 6 போதும். 20 ஓடு வைத்தால் சித்திரையில் அந்த அறையில் உட்கார முடியாது. வெயில் நேராக இறங்குவது தொல்லையாக இருந்தால், கைமரத்துக்குக் கீழே பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட் ஒன்றைத் திருகி வைத்துவிடலாம். தென்னை மட்டை, தேங்காய் விழக்கூடிய தூரத்தில் கண்ணாடி ஓடு வைக்காதீர்கள். இதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைப்போம், ஆனால் குடோனை ஒட்டியே தென்னை நிற்கிற தோட்டம் எத்தனையோ.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் ஓட்டை போடாதீர்கள், மிஷின் வைத்து அறுக்கவும் விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டு, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்கிவிட்டு, அதே அலை அளவுள்ள பாலிகார்பனேட் ஷீட்டை அந்த இடத்தில் போடலாம். கொஞ்ச வருஷத்தில் அது மஞ்சளிக்கும், மாற்ற வேண்டிவரும். கைப்பணம் இருந்தால் மொத்தக் கூரையையும் ஓட்டுக்கு மாற்றுவது நல்லது.

கூரையைப் பிரித்து வேய்கிற வேலை எப்படியும் வருகிறது என்றால், முகட்டில் ஒரு பக்கச் சரிவை இன்னொன்றைவிட ஒன்றரை அடி உயர்த்தி, நடுவில் வடக்குப் பார்த்து நீளமான கண்ணாடி வரிசை விடலாம். வீட்டின் நடுப்பகுதிக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது, சூடான காற்றும் அந்த வழியாக வெளியேறும். ஆனால் இது ஆசாரி வேலை, பொறியாளர் வேலை. பழைய மோட்டுவளையும் (முகட்டு மரம்) பனங்கையும் (பனைமரக் கைமரம்) புது அமைப்பைத் தாங்குமா என்று பார்த்த பிறகே தொட வேண்டும்.

ஐந்தாம் படி: சுவரைத் திறப்பது

இங்கே பொறுமையாக வாசியுங்கள். காசும் உயிரும் போகிற இடம் இது.

முதலில் ஒரு எளிய வழி. இருக்கிற ஜன்னலின் அகலத்தைத் தொடாமல் கீழே இறக்குங்கள். குடோன் ஜன்னல் தரையிலிருந்து நான்கு, நாலரை அடியில் தொடங்கும். திறப்புக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான லிண்டல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அது தாங்கும் பாரம் மாறப்போவதில்லை. கீழே இருக்கிற சுவரை இரண்டரை அடி இறக்கினால் புது லிண்டல் கிடையாது, முட்டுக் கொடுக்கிற வேலை கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்தால் மலை கண்ணுக்கு வந்துவிடும். தரை வரை இறக்கினால் அதுவே கதவு. பல வீடுகளில் இந்த ஒரு வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புதிய திறப்புதான் வேண்டும் என்றால், முதலில் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைத் தட்டிப் பார்த்தால் தெரியும். மண் சுவராக இருந்தால் 4 அடிக்கு மேல் அகலம் வேண்டாம், சுவர் நீளத்தில் மொத்தத் திறப்பு மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். செங்கல், சுண்ணாம்பு என்றாலும் பாதிக்கு மேல் திறக்காதீர்கள். மூலையிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளியே தொடங்குங்கள். உத்திரம் சுவரில் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் கீழே எந்தத் திறப்பும் கூடாது. கருங்கல் சுவரில் ஒரு கல்லை எடுத்தால் பக்கத்துக் கல்லும் சேர்ந்து வரும், நீங்கள் போட்ட கோட்டில் நிற்காது. அதனால் மூன்றரை அடி வேண்டுமென்றால் நான்கு அடியாக நினைத்து லிண்டல் நீளத்தை முடிவு செய்யுங்கள்.

தடிமனான சுவரில் லிண்டல் வைக்கிற முறை இது. ஒன்றரை அடிச் சுவரில் ஒரே லிண்டலை ஒரே நாளில் நுழைக்கப் பார்க்கக் கூடாது. 9 அங்குல அகலமுள்ள இரண்டு லிண்டலாகப் பிரித்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே வார்த்து நன்றாக நனைத்து முற்றவிட்ட கான்கிரீட்டாகவோ கருங்கல் பலகையாகவோ. முதலில் பக்கத்து உத்திரங்களுக்கு ஜாக்கி முட்டுக் கொடுங்கள். பிறகு வெளிப் பக்கத்திலிருந்து சுவரின் பாதித் தடிமனுக்கு மட்டும், லிண்டல் உட்காருகிற அளவுக்குக் காடி எடுங்கள். இரண்டு பக்கமும் 9 அங்குலமாவது சுவருக்குள் போக வேண்டும். லிண்டலை உட்காரவைத்து, அதற்கும் மேல் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தண்ணீர் குறைந்த கலவையைக் குச்சியால் இடித்து இறுக்குங்கள். ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் உட்பக்கத்திலிருந்து இரண்டாவது. அதற்கும் ஒரு வாரம். இரண்டும் பாரம் எடுத்த பிறகு, மேலிருந்து கீழாகச் சுவரைப் பிரித்து வர வேண்டும். கட்டிங் மிஷினில் ஓரக் கோடு வெட்டிக்கொண்டு உளியால் எடுக்கலாம். இடிக்கிற பிரேக்கர் மிஷின் பழைய சுண்ணாம்புச் சுவருக்கு ஆகாது, அதிர்ச்சி எங்கெங்கோ விரிசலாக வெளிவரும்.

கொத்தனார் "ஒரே நாள்ல முடிச்சிடலாங்க" என்றால் கேட்காதீர்கள். அந்த இரண்டு வாரக் காத்திருப்புக்குச் சேர்த்தே கூலி பேசி முடியுங்கள். பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்காமல் 4 அடிக்கு மேல் எதையும் திறக்க வேண்டாம்.

திறந்த பிறகு பழைய சுவரின் ஓரத்தைச் சிமென்ட்டில் பூசுகிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவைதான் பொருந்தும். சிமென்ட் தடித்த ஓடாக நின்று ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், ஒரு மழைக்காலம் போனால் பொருக்கு விடும்.

தடித்த சுவரில் ஒரு குறை உண்டு, ஜன்னல் குகை மாதிரி ஆகிவிடும். அதற்கு உட்பக்க ஓரங்களைச் சாய்த்துவிடுங்கள். வெளியே 3 அடி அகலம், உள்ளே நாலரை, 5 அடியாக விரியட்டும். லிண்டல் நீளத்தையும் அந்த உள் அகலத்துக்கு ஏற்ப முதலிலேயே கணக்குப் போட வேண்டும். அடிப்பகுதியையும் உள்பக்கமாகச் சற்றுச் சரித்து, எல்லாவற்றுக்கும் வெள்ளையடியுங்கள். கண்ணாடியின் அளவு கூடவில்லை, சூடு கூடவில்லை, ஆனால் அறைக்குள் வருகிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்து கூடும். அடிப்பகுதியை ஒன்றரை அடி உயரத்தில் தட்டையாக விட்டால் அதுவே உட்காரும் திண்ணை. பிள்ளைகள் அங்கேயிருந்து இறங்க மாட்டார்கள்.

மொத்தத்தில் எவ்வளவு ஜன்னல் வேண்டும் என்றால், நம் நாட்டுக் கட்டட விதித்தொகுப்பு வறண்ட வெப்பப் பகுதிக்குத் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரமான வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கும் கேட்கிறது. அதற்கு மேல் கண்ணாடி வைப்பது காட்சிக்காக மட்டும்தான் என்று தெரிந்து வையுங்கள்.

ஆறாம் படி: காட்சி ஜன்னல்

நாற்காலியில் உட்கார்ந்தால் கண் ஏறத்தாழ 4 அடி உயரத்தில் இருக்கும். தரையில் பாயில் உட்கார்ந்தால் இரண்டரை அடி. ஜன்னலின் அடி விளிம்பு ஒன்றரை முதல் 2 அடிக்குள் இருந்தால் இரண்டுக்கும் சரி. நிலையின் குறுக்குச் சட்டம் 4 அடி உயரத்தில் வரவே கூடாது, மலையை இரண்டாக வெட்டிவிடும். ஆசாரியிடம் இதை வாயால் சொன்னால் போதாது, நிலை போடுகிற நாளில் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து கையைக் காட்டி இடம் சொல்லுங்கள்.

உயரத்தைவிட அகலம் முக்கியம். மலைத்தொடர் படுக்கையாக நீள்வது. 6 அடி உயரம் 3 அடி அகல ஜன்னலில் வானமும் தரையும் வரும், மலை ஒரு துண்டுதான் வரும். மூன்றரை அடி உயரம், 6 அடி அகலம் இருந்தால் தொடர் முழுக்க வரும், மேலே இருந்து இறங்குகிற கூசும் வெளிச்சமும் குறையும். அவ்வளவு அகலத்தைச் சுவர் தாங்காது என்றால், நடுவில் ஒன்றரை அடித் தூண் விட்டு மூன்றடி ஜன்னல் இரண்டு வையுங்கள். ஆனால் வானம் முழுக்க மறையக் கூடாது. மலை முகட்டுக்கு மேலே கையகல வானம் இருந்தால்தான் மேகம் இறங்குவது தெரியும்.

தனித் தோட்டத்து வீட்டுக்குக் கம்பி கட்டாயம், அதில் விவாதமே இல்லை. ஆனால் பூ வேலைப்பாடு, மயில் வேலைப்பாடு கிரில் வேண்டாம். 12 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பியை நேர்க்குத்தாக நான்கு அங்குலத்துக்கு ஒன்று வையுங்கள், நடுவில் ஒரே ஒரு பட்டை. அதற்கு அடர் நிறம், கறுப்போ காப்பிப் பொடி நிறமோ அடியுங்கள். வெள்ளைக் கம்பி வெளிச்சம் பட்டுப் பளிச்சென்று நிற்கும், கண் அதிலேயே மாட்டிக்கொள்ளும். அடர் நிறக் கம்பி வெளிச்சமான வெளிக்கு எதிரே கொஞ்ச நேரத்தில் கண்ணிலிருந்து மறைந்துவிடும். கொசு வலைக்கும் இதே பேச்சு. வெள்ளை வலை போட்ட ஜன்னலில் மலை புகைமூட்டமாகத் தெரியும், கறுப்பு வலையில் தெளிவாகத் தெரியும். வலை வெளிச்சத்தை எப்படியும் கொஞ்சம் குறைக்கும், அதனால் திறக்கிற கதவுக்கு மட்டும் வலை வைத்து, காட்சிக்கான பெரிய கண்ணாடியைத் திறக்காத நிலையாகவே விடலாம்.

தரைக்கு அருகில் இறங்கும் கண்ணாடி, சூடாக்கி உறுதியாக்கிய டஃபண்டு கண்ணாடியாக இருக்கட்டும். பிரதிபலிக்கும் ஃபிலிம் ஒட்ட வேண்டாம். கொங்குப் பக்கம் மயில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஆண் மயில் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து இன்னொரு மயில் என்று முட்டி மோதும், அலகால் கொத்தும், தானும் அடிபடும். வெளிப் பக்கம் வலை இருந்தால் பிம்பம் தெரியாது, அந்தத் தொல்லையும் இல்லை.

ஏழாம் படி: மலை மேற்கில் இருந்தால்

பொள்ளாச்சி, ஆனைமலைக்காரர்களுக்கு மலை பெரும்பாலும் தெற்கே. தெற்கை 3 அடி சன்ஷேடில் சமாளித்துவிடலாம் என்று மேலே பார்த்தோம். தொண்டாமுத்தூர், ஆலாந்துறைக்காரர்களுக்கு வெள்ளியங்கிரி மேற்கே. தென்காசி, அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்கும் அப்படியே. காட்சி, மாலை வெயில், ஆனி ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வரும்.

அங்கே சுவரில் ஜன்னல் வைத்தால் போதாது, முன்னால் தாழ்வாரம் வேண்டும். 8 அடி ஆழம், அதன் கூரை இறங்கி முடிகிற தாவாரத்தின் நுனி தரையிலிருந்து 7 அடி. நாலரை மணி வெயில் அதில் நுழைந்தால் சுவரில் இரண்டரை, மூன்று அடி உயரத்துக்குக் கீழே மட்டும்தான் படும். அதற்குப் பிறகு வருகிற வெயிலுக்குத் தாவார நுனியில் சுருட்டி இறக்குகிற மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ போதும். ஒரு மணி நேரம் இறக்கிவிட்டு, சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் சுருட்டிவிடலாம். மலை மேற்கில் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு, அடிவாரத்தில் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும்.

தாவார நுனியை 7 அடிக்கு மேல் ஏற்றாதீர்கள். காட்சி பெரிதாகும் என்று 10 அடிக்குத் தூக்கினால் வெயிலும் சாரலும் நேராக உள்ளே. தாழ்வாரம் போட்டால் அந்த அறைக்கு வெளிச்சம் குறையும் என்பது உண்மை. அதைத்தான் கூரையிலும் வடக்கிலும் ஈடுகட்டச் சொன்னேன். தாழ்வாரத்து ஓட்டில் சுவரை ஒட்டி இரண்டு கண்ணாடி ஓடு வைத்தால் ஜன்னலுக்கு அருகிலுள்ள இருட்டும் போகும். வாசலுக்கு இரு பக்கமும் காட்சி தேவையில்லாத இடத்தில் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் வைக்கலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளம் முழுக்கக் கட்டிக் காட்டிய முறைதான். காற்று வரும், வெயில் பொடியாக உடைந்து வரும், ஜன்னல் கதவுச் செலவும் மிச்சம்.

எப்போது தொடங்குவது

தை பிறந்ததும் தொடங்குங்கள். ஓடு பிரிக்கிற வேலையும் சுவர் திறக்கிற வேலையும் சித்திரைக் கோடை மழைக்கு முன் முடிந்துவிட வேண்டும், ஆனியில் காற்று ஏறினால் ஏணியில் ஆள் நிற்க முடியாது. வரிசை மாறக் கூடாது. வெளியே மரமும் களமும், பிறகு சீலிங், அடுத்து கூரை, அப்புறம் சுவர், கடைசியில் சுண்ணாம்பும் தரையும். கூரையில் கண்ணாடி ஓடு வைத்து ஒரு மாதம் குடியிருந்து பாருங்கள். திறக்க நினைத்த இரண்டு ஜன்னல்களில் ஒன்று தேவையில்லை என்று உங்களுக்கே தோன்றும்.

குடோனாகப் பதிவான கட்டடத்தை வீடாக மாற்றியிருந்தால், கட்டட அனுமதியும் வீட்டு வரியும் வீட்டுக்கு மாறியிருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்திலும், மின் இணைப்பு மாறியிருக்கிறதா என்று மின்வாரியத்திலும் முதலில் பாருங்கள். மலையடிவாரக் கிராமங்கள் பல அரசின் மலையிடப் பாதுகாப்பு (HACA) பட்டியலில் வருகின்றன. அங்கே மரம் வெட்டவும் கட்டடத்தை விரிக்கவும் தனி அனுமதி வேண்டும். தாழ்வாரம் போடுவதும் விரிவாக்கம்தான்.

வேலை முடிந்த பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, வைகாசிக் கடைசியில், கண்ணாடி ஓடுகளின் பாசியையும் தூசியையும் ஈரத் துணியால் துடையுங்கள். ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல், கைமரத்துக்கு மேலாகப் பலகை போட்டு ஏற வேண்டும். அப்போதே நழுவிய ஓடுகளைத் தள்ளி உட்காரவைத்து, லிண்டலுக்கு மேலே புது விரிசல் ஏதும் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் தேதி போட்டுக் கோடிழுங்கள். அடுத்த சில மாதங்களில் அந்தக் கோட்டைத் தாண்டி நீண்டால் பொறியாளரைக் கூப்பிடுங்கள், நீளவில்லை என்றால் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடலாம்.